விசிலம்மாவும் பேர் தெரியாத குருவியும்

விசிலம்மா என்ற பெயர் அவருக்கு ஒரு பாலத்தின் மேல் வைத்து வந்தது. நகரப் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. காலை நேரக் கூட்டம். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியை ஒட்டி நின்றுகொண்டு, வண்டி குலுங்குகிற சாக்கில் அவள்மேல் சாய்ந்துகொண்டே இருந்த ஒரு ஆளைப் பார்த்தார். தள்ளி நிற்கச் சொன்னார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னதற்கு, டிக்கெட் கிழிக்கிற வேலையைப் பார் என்றான். அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார். வண்டி நடுப்பாலத்தில் நின்றது. அந்த ஆள் இறங்குகிறவரை அடுத்த விசில் கிடையாது என்று சொல்லிவிட்டுப் பின்படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

பின்னால் வண்டிகள் அனுமார் வால் போல நீண்டன. ஓட்டுநர் கெஞ்சினார். வேலைக்கு நேரமாகிறது என்று பயணிகள் முதலில் இவரைத்தான் திட்டினார்கள். நேரம் போகப் போக, யாரைத் திட்ட வேண்டும் என்பது அவர்களுக்கே விளங்கியது. கடைசியில் கூட்டமே அவனைப் பிடித்து இறக்கிவிட்டது. மிச்சப் பாலத்தை அவன் நடந்தே கடந்தான்.

டிப்போவில் விசாரணை வைத்தார்கள். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம் என்றார் மேலாளர்.

"எதுக்கு சார்? வண்டியை நிறுத்தத்தானே விசில் கொடுத்திருக்கீங்க. நிறுத்தினேன்" என்றார் இவர்.

தண்டனையாக, குப்பைக் கிடங்கு வழியாகப் போகிற தடத்தில் போட்டார்கள். பள்ளமும் புழுதியும் நாற்றமுமான தடம் அது. யாரைப் போட்டாலும் ஒரு மாதத்தில் கையில் காலில் விழுந்து மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். விசிலம்மா அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வு பெறுகிறவரை விடவில்லை. நல்ல தடம் தருகிறோம் என்று பிற்பாடு அவர்களே கூப்பிட்டபோதும் போகவில்லை. கொடுத்ததைக் கொடுத்தவர்களே வாங்கிக்கொள்ள அது என்ன இரவல் பாத்திரமா என்று கேட்டாராம்.

அவர் வீட்டுக்காரர் தையல்காரர். மனைவி பேசிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து அவர் மௌனமாக இருந்தார் என்று சொல்லலாம். இருவரும் ஒரு பழைய அடுக்குக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். முன்னறைதான் வரவேற்பறை, படுக்கையறை எல்லாம். பின்னறை முழுக்கத் தையல் மிஷின், வெட்டும் மேசை, கொக்கியில் தொங்கும் பாதி தைத்த சட்டைகள். அந்த அறை ஜன்னலுக்கு வெளியே கொல்லைப்புறம் என்று ஒரு ஒடுங்கிய துண்டு நிலம். ஒரு எலுமிச்சை மரம், துணிக்கொடி, அதற்கப்பால் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் கழிவுநீர் வாய்க்காலும் அதன் கரையில் இடுப்பளவு புல்லும்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த விசிலம்மாவுக்கு உட்காரத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஓடுகிற வண்டியில் நின்றே பழகிய கால். கெண்டைக்காலில் நரம்புகள் கயிறு மாதிரி சுருண்டிருந்தன. பாத்திரம் கழுவும்போதுகூட, சமையலறை எந்த நேரமும் ஒரு வளைவில் திரும்பிவிடும் என்பதுபோலக் காலை அகட்டி வைத்துத்தான் நிற்பார். பொழுது போகாமல் ஒருநாள் எண்ணெய் டின் ஒன்றை எடுத்து, பக்கத்துக்கு ஒரு சன்னலாக வெட்டி, விளிம்பை மடக்கி, உள்ளே நொய்யும் தினையும் போட்டு எலுமிச்சைக் கிளையில் தொங்கவிட்டார். மறுவாரம் ஒரு பழைய குழம்புச்சட்டி மூடியைக் கவிழ்த்து மூன்று கயிற்றில் கட்டினார். குருவிகள் வந்தன. அணில் வந்தது. புறாக்கள் வந்து எல்லாரையும் நெட்டித் தள்ளின. புறாக்களை அவருக்குப் பிடிக்காது. டிக்கெட்டும் எடுக்காமல் ஜன்னலோர சீட்டும் கேட்கிற சாதி என்பார்.

வந்து போகிற ஒவ்வொன்றையும் அவருக்கு அடையாளம் தெரியும். ஒற்றைக் கால் நொண்டுகிற ஆண் குருவி ஒன்று, கழுத்தில் மயிர் உதிர்ந்த அணில் ஒன்று. அவை எந்த நேரத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதெல்லாம் தானாகவே மனசில் பதிந்துவிட்டது.

குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு செயலாளர் இருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு வெள்ளைக் கார். அது நிற்கிற இடம் எலுமிச்சை மரத்திலிருந்து எச்சம் போடுகிற தூரத்தில் இருந்தது. சங்கக் கூட்டத்தில் அவர் பேச்சை எடுத்தார். தீனி போட்டால் எலி வரும், காயப்போட்ட துணி பாழாகும், பொது இடத்தில் யாரும் எதையும் தொங்கவிடக் கூடாது, மாதக் கடைசிக்குள் எடுத்துவிட வேண்டும் என்றார். பலரும் தலையாட்டினார்கள்.

விசிலம்மா எழுந்து நின்றார். "காருக்கு மேல கூரை போட்டுக்கோங்க சார். குருவிக்கு வாய் தைக்கவோ பின்னாடி தைக்கவோ எங்க வீட்டுக்காரராலயே முடியாது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. மாதக் கடைசி என்றால் மாதக் கடைசிதான் என்றார்.

இந்த நிலையில்தான் அந்தக் குருவி வந்தது.

முதலில் பார்த்தவர் தையல்காரர். ஒரு காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவர் மிஷினை நிறுத்திவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். அவர் குரல் கொடுப்பதே அபூர்வம் என்பதால் விசிலம்மா கையைத் துடைக்காமலே ஓடி வந்தார்.

"அந்த மூடியில பாரு. இது நம்ம ஆளு இல்லையே."

சிட்டுக்குருவியைவிடச் சின்னதாக ஒன்று மூடியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. முதுகும் இறக்கையும் இளந்தளிர்ப் பச்சை. மார்பில் ரோஜா நிறம். குட்டையான தடித்த அலகு, சாம்பல் நிறத்தில். தினையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வாய்க்குள்ளேயே உருட்டி, உமியை மட்டும் வெளியே தள்ளியது. பக்கத்தில் ஒரு குருவி வந்து உட்கார்ந்ததும் ஒதுங்கி ஓரத்துக்குப் போனது. மற்றவை பறந்து போனபோது அது மட்டும் தனியாக, கொஞ்சம் தாமதித்து, மதிலைத் தாண்டிப் போனது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். விசிலம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளிக்குஞ்சாக இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னார். கிளிக்கு அலகு வளைந்திருக்கும், இது நேராக இருக்கிறது என்று விசிலம்மா அதைத் தள்ளினார். தேன்சிட்டாக இருக்குமோ என்று அவரே நினைத்தார். ஆனால் தேன்சிட்டின் அலகு ஊசி. அது தினை தின்னாது. பச்சையாக இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தும் ஒன்றும் பொருந்தவில்லை.

"பேர் தெரிஞ்சு என்ன பண்ணப்போற?" என்று தையல்காரர் கேட்டார்.

"ஏறினது யாருன்னு தெரியாம நான் என்னைக்கு டபுள் விசில் கொடுத்திருக்கேன்?"

மூன்றாம் மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். சின்ன வயதுப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போகிறவர். ஒரு காலை அவரைப் படிக்கட்டிலேயே மறித்து, விசிலம்மா பின்னறைக்குக் கூட்டி வந்துவிட்டார். டாக்டர் வெட்டும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். குருவி வந்தது. டாக்டர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

"அக்கா, உடம்பைப் பார்த்தா சில்லைக் குருவி மாதிரி இருக்கு. அந்தத் தடிச்ச அலகு, கூரான குட்டை வால், உமியைத் தள்ளுற விதம், எல்லாம் சில்லைதான். ஆனா சில்லையில இந்த நிறம் நான் பார்த்ததே இல்லை."

பறவைப் புத்தகத்தைக் கொண்டு வந்து மேசைமேல் விரித்தார்கள். தையல்காரர் தன் நாடாவையும் சாக்கட்டியையும் நகர்த்தி இடம் கொடுத்தார். ஒரு பக்கத்தில் பச்சைச் சில்லை என்று ஒன்று இருந்தது. வெகு அபூர்வம், எங்கோ சில இடங்களில் மட்டும் காணப்படுவது என்று போட்டிருந்தது. ஆனால் அதன் அலகு சிவப்பு, விலாவில் வரிகள். இதற்கு அலகு சாம்பல், வரி இல்லை. வயது குறைந்த பறவையாக இருந்தால் நிறம் மாறியிருக்கலாம் என்று டாக்டர் ஒரு சந்தேகத்தோடுதான் சொன்னார். அந்தச் சந்தேகம் விசிலம்மா காதில் ஏறவில்லை. அபூர்வம் என்பது மட்டும் ஏறியது.

அன்றைக்கு அவர் பால்காரரிடம் சொன்னார். டிப்போவில் தன்னோடு வேலை பார்த்தவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். குப்பைக் கிடங்கு வழித் தடத்தில் காலம் தள்ளியவளைத் தேடி உலகத்திலேயே இல்லாத குருவி வந்திருக்கிறது என்றார். செயலாளரைப் பார்த்ததும் வழியில் நிறுத்தி, எடுக்கச் சொன்னீங்களே, இப்போ எடுங்க பார்க்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரோடு பறவை பார்க்கப் போகிற கூட்டம் வந்து இறங்கியது. கையளவு, முழங்கையளவு என்று பலவிதக் கேமராக்கள். பின்னறையில் நிற்க இடமில்லை. யாரோ ஒருவர் வெட்டி வைத்திருந்த பாவாடைத் துணிமேல் செருப்புக்காலை வைத்தார். தையல்காரர் குனிந்து அதை உருவிக்கொண்டார். செயலாளரும் எட்டிப் பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் வருவார்களா என்று விசாரித்தார். மாதக் கடைசி என்ற பேச்சை எடுக்கவில்லை. குருவி நல்ல பிள்ளையாக வந்து, மூடியில் உட்கார்ந்து, அத்தனை பேருக்கும் முகம் காட்டிவிட்டுப் போனது. பெரிய கேமரா வைத்திருந்தவர் மட்டும் தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தாடையைச் சொறிந்தார். இறகில் பச்சை திட்டுத் திட்டாக இருக்கிறதே, இயற்கையில் இப்படி இருக்காதே என்றார். விசிலம்மா அவருக்கு மட்டும் டீ கொடுக்கவில்லை.

அன்று மதியம் வெயில் சுட்டெரித்தது. எல்லாரும் போன பிறகு தையல்காரர் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி எலுமிச்சை நிழலில் வைத்தார். பச்சைக் குருவி வந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, இறக்கையை அடித்து அடித்து ஒரு முழுக் குளியல் போட்டது. அது போன பிறகும் தையல்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் அதை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஒரு வெள்ளைத் துணித் துண்டை அதில் முக்கிப் பிழிந்து, மனைவியின் முன்னால் விரித்தார்.

துணி இளம்பச்சையாக இருந்தது.

"முதல் சலவையிலேயே போற சாயம்" என்றார்.

டாக்டர் இறங்கி வந்தார். துணியைப் பார்த்தார். அவர் முகமும் விழுந்துவிட்டது. கூட்டத்தையே கூட்டி வந்தவர் அவர்தானே. புல்வெளியிலும் வயலோரத்திலும் வலை போட்டுச் சில்லைகளை மொத்தமாகப் பிடிக்கிறார்கள், சாயத்தில் முக்கி எடுத்துக் கலர் குருவி என்று குழந்தைகளுக்கு விற்கிறார்கள், இது கூண்டிலிருந்து தப்பி வந்ததாக இருக்க வேண்டும் என்றார். அடியில் இருப்பது வெறும் புள்ளிச் சில்லை. தலையும் முதுகும் காப்பி நிறம், வயிற்றில் மீன் செதில் மாதிரிப் புள்ளிகள். எங்கே பார்த்தாலும் இருக்கிற பறவை.

"அப்ப அபூர்வம் இல்லையா?" என்று கேட்டார் விசிலம்மா.

"இல்லைக்கா."

குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவ ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. காலையில் செயலாளர் காரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்னம்மா, சாயம் வெளுத்துப்போச்சாமே." குரலில் அவ்வளவு கனிவு. விசிலம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் பதில் சொல்லாமல் போனதை அந்தக் குடியிருப்பு அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது.

அவருக்கு உறுத்தியது கேலி அல்ல. போலி டிக்கெட்டை விரல் பட்டதும் சொல்லிவிடுகிறவர் என்று டிப்போவில் பேர் எடுத்தவர். பழைய பாஸில் தேதியைத் திருத்திக்கொண்டு வருகிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர். அப்பேர்ப்பட்டவரை விரல் நீளக் குருவி ஒன்று ஏமாற்றிவிட்டது. அன்றைக்கு அவர் டின்னில் தீனி போடவில்லை. முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பின்னறையில் மிஷின் ஓடுவது நின்றது. கதவு திறக்கிற சத்தம், டின் ஆடுகிற சத்தம், தினை கொட்டுகிற சத்தம் எல்லாம் கேட்டது.

"யாரு போடச் சொன்னா?" என்று படுத்தபடியே கேட்டார்.

"பசிச்சு வந்து உட்கார்ந்திருக்கு."

"என்னை ஏமாத்திடுச்சு அது."

தையல்காரர் வாசற்படியில் வந்து நின்றார். கையில் தினை டப்பா. "அது எங்க ஏமாத்துச்சு? நீயா பார்த்த, நீயா பேர் வச்ச. அதைப் பிடிச்சு, கேக்காம கொள்ளாம எவனோ ஒரு சட்டையை மாட்டி விட்டுட்டான். கழட்டவும் தெரியாம அது சுத்திக்கிட்டு இருக்கு." டப்பாவை மூடிக்கொண்டே, "கோபப்படு, வேணாங்கல. ஆள் பார்த்துக் கோபப்படு" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். விசிலம்மா எழுந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கூந்தலை முடிந்துகொண்டு, மேசைமேல் கிடந்த வெள்ளைத் துணி வெட்டுகளில் ஒரு கை நிறைய அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கலர் குருவி எங்கே விற்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் தடத்தின் வழியில்தான் அந்தக் கடைவீதி. மீன் தொட்டிகளும் முயல் கூண்டுகளும் அடுக்கி வைத்த ஒரு கடை. அதன் வாசலில் தொங்கிய கம்பிக்கூண்டில் பச்சை, மஞ்சள், ஊதா, ரோஜா என்று குருவிகள், மூச்சுவிட இடமில்லாமல். இத்தனை வருடமும் படிக்கட்டில் தொங்கியபடி அந்தக் கூண்டைக் கடந்து போயிருக்கிறார். அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்திருக்கிறார். இப்போது கிட்டே போய்ப் பார்த்தால் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பாதிக் குருவிகள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கூண்டின் தரையில் இரண்டு அசைவில்லாமல் கிடந்தன.

கடைக்காரர் மெலிந்த ஆள். மரியாதையாகத்தான் பேசினார். சாயம்தான் என்று உடனே ஒத்துக்கொண்டார்.

"பூசலைன்னா யாரும்மா வாங்குவா? பொறந்த கலர்ல வச்சா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க."

"பொறந்த கலருக்கு என்ன குறைச்சல்?"

"என்கிட்ட கேக்காதீங்க. வாங்குறவங்ககிட்ட கேளுங்க."

"சரி, கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு விசிலம்மா கடை வாசலில் ஓரமாக நின்றுகொண்டார்.

கடைக்காரர் முதலில் விளையாட்டென்று நினைத்தார். கூண்டைப் பார்த்து ஒரு குடும்பம் நின்றது. விசிலம்மா ஒரு துணித் துண்டை நனைத்து, கம்பி வழியாக நுழைத்து, தரையில் செத்துக் கிடந்த ஒன்றின் முதுகில் ஒற்றி எடுத்து அவர்களிடம் காட்டினார். சாயம், கை கழுவுங்க, பிள்ளை வாயில வச்சுக்கப்போகுது என்றார். குடும்பம் நகர்ந்துவிட்டது. அடுத்து வந்தவரும் நகர்ந்துவிட்டார். அவ்வளவு வருத்தமிருந்தால் எல்லாவற்றையும் நீங்களே வாங்கி விட்டுவிடலாமே என்றார் கடைக்காரர். நான் வாங்கினால் நீ நாளைக்கு இன்னொரு வலை போடுவாய், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார் விசிலம்மா.

மறுநாள் காலையிலும் அங்கே நின்றார். டாக்டர் வனத்துறைக்குப் புகார் கொடுத்துவிட்டார்; ஆனால் அங்கிருந்து யாரும் வந்தபாடில்லை. வருகிறவரை நிற்பது என்று விசிலம்மா முடிவு செய்துவிட்டார். கடைவீதிக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். பொழைப்பைக் கெடுக்க வந்தவள் என்றார் ஒருவர். பாத்திரக் கடைக்காரம்மா இரக்கப்பட்டு ஒரு முக்காலி கொண்டு வந்து போட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது என்று சொல்லி விசிலம்மா அதில் பையை மட்டும் வைத்துக்கொண்டார். மதியம் தையல்காரர் சாப்பாடு கொண்டு வருவார். இருவரும் அங்கேயே நின்று சாப்பிடுவார்கள்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டார். வந்த போலீஸ்காரர் அலுப்போடு கேட்டார்: "ஏம்மா, கடையை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்களாமே?"

"மறிக்கலை சார். வழி விட்டுத்தான் நிக்கிறேன். எவ்வளவு கூட்டம் வந்தாலும் வழி விட்டு நிக்கத் தெரியும் எனக்கு."

"பின்ன என்னதான் பண்றீங்க?"

"அந்தத் தண்ணிக் கிண்ணத்துல விரலை வைங்க. அப்புறம் நான் போகணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

போலீஸ்காரர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். போலீஸ்காரர் கூண்டுக்குள் கையை விட்டுக் கிண்ணத்தில் விரலை நனைத்து எடுத்தார். விரல் ரோஜா நிறமாக இருந்தது. கால்சட்டையில் துடைத்தார், கால்சட்டையும் ஆயிற்று. அவருக்கு அதுதான் கோபத்தைக் கொடுத்தது. அங்கேயே நின்று யாரையோ தொலைபேசியில் கூப்பிட்டார். டாக்டரின் புகாரால் நகராத துறை அந்தக் கால்சட்டையால் நகர்ந்தது. மறுநாள் ஒரு வண்டி வந்து கூண்டுகளை ஏற்றிக்கொண்டு போனது.

எல்லாம் பிழைக்கவில்லை. விசிலம்மா டாக்டரோடு போய்ப் பார்த்தார். பெரிய வலைக் கொட்டகையில் விட்டிருந்தார்கள். இறகு உதிர்ந்து புது இறகு முளைத்த பிறகுதான் வெளியே விட முடியும், அதுவரை தாக்குப்பிடிக்கிறது எத்தனையோ தெரியாது என்றார் அங்கிருந்த ஊழியர். நல்லது செய்தோம் என்ற நினைப்போடு போனவர் அந்த நினைப்பு இல்லாமல் திரும்பினார். வீட்டுக்கு வந்து, இன்னும் முன்னாலேயே பார்த்திருக்கணும், தினமும் அந்த வழியாத்தானே போனேன் என்று ஒரே ஒரு தரம் சொன்னார்.

அடுத்த வாரம் அதே கடைக்கு மறுபடி போனார். கடைக்காரர் அபராதம் கட்டிவிட்டு மீனும் தீவனமும் மட்டும் வைத்து உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்க. இப்ப எதுக்கு வந்தீங்க?"

"தினை வாங்க. உங்க கடையில நல்லா புடைச்சு வச்சிருக்கீங்க. இனிமே இங்கதான் வாங்கப்போறேன்."

அவர் எழுந்து படியை எடுத்தார். பிறகு மூட்டையை அவிழ்த்தார்.

மாதக் கடைசி வந்தது. சங்கக் கூட்டமும் வந்தது. செயலாளர் இந்த முறை தயாராக இருந்தார். அபூர்வப் பறவை என்பதால் பொறுத்துக்கொண்டோம், அது சாதாரணக் குருவிதான் என்று தெரிந்துவிட்டது, இனிமேலும் அந்த டின்னும் மூடியும் எதற்கு என்று கேட்டார்.

விசிலம்மா எழுந்தார். இந்த முறை யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

"அபூர்வம்னு சொல்லித் திரிஞ்சது என் தப்பு. பேரு தெரியாதப்பவே அதுக்குத் தீனி வச்சேன். சாதாரணம்னு தெரிஞ்ச பிறகு நிறுத்தணும்னா என்ன நியாயம் சார்? நாம எல்லாரும் இங்க என்ன அபூர்வமா? டின்னை நான் எடுக்க மாட்டேன். நீங்க எடுத்தா வேற டின் கட்டுவேன். எண்ணெய் வாங்காம இருக்கப்போறது இல்லை."

ஓட்டெடுப்பு விசிலம்மாவுக்கு எதிராகத்தான் போனது. பொது மரத்தில் எதுவும் தொங்கக் கூடாது என்று தீர்மானமானது. அன்றைக்குச் சாயங்காலமே அவர் டின்னை அவிழ்த்துத் தன் பின்னறை ஜன்னல் கம்பியில் கட்டினார். கம்பி என் வீட்டுது, அதற்கு எந்தச் சங்கம் என்று கேட்டார். குருவிகள் இப்போது தையல் மிஷினுக்கு ஒரு கை தூரத்தில் வந்து தின்றன. உமி காற்றில் பறந்து வெட்டும் மேசையில் விழுந்தது. தையல்காரர் அதை ஊதிவிட்டுத் தைத்தார்.

சில நாள் கழித்து அவர் நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போவதை விசிலம்மா பார்த்தார். வெள்ளைக் காரைச் சுற்றி வந்து நீளம், அகலம், கண்ணாடியின் வளைவு என்று அளவெடுத்துக்கொண்டிருந்தார். மழைக்கோட்டுத் துணியில் காருக்கு ஒரு உறை தைத்தார். இரண்டு பக்கமும் நாடா வைத்து, கண்ணாடிகளுக்குக் காது மாதிரி தனி மூடி வைத்து, கச்சிதமாக. செயலாளர் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"நான் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன், நீங்க அவருக்குச் சட்டை தைச்சுக் கொடுக்குறீங்க" என்று பொரிந்தார் விசிலம்மா.

"அவருக்கா தைச்சேன்? காருக்குத் தைச்சேன்."

செயலாளர் அந்த உறையைப் போட மாட்டார் என்று விசிலம்மா பந்தயம் கட்டினார். ஒரு மழைக்குப் பிறகு போட்டார். பிறகு தினமும் போட்டார். நன்றி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கால்சட்டை ஒன்றை நீளம் குறைக்கக் கொண்டு வந்தார். ஜன்னல் டின்னைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பச்சைக் குருவி விடாமல் வந்துகொண்டிருந்தது. முதலில் கழுத்தில் ஒரு காப்பி நிறத் திட்டு முளைத்தது. பிறகு பச்சைக்கு நடுவே அங்கங்கே பழுப்பு எட்டிப் பார்த்தது. கொஞ்ச நாள் பார்க்கச் சகிக்கவில்லை. கந்தல் துணியை ஒட்டுப்போட்டது போல இருந்தது. விசிலம்மா வேறு பெயர் எதுவும் வைக்கவில்லை. சில்லை வந்துடுச்சு என்று மட்டும் சொல்வார். ஒரு காலையில் அது ஜன்னல் கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்தபோது வயிற்றில் செதில் செதிலாகப் புள்ளிகள் முழுவதும் வந்திருந்தன. டாக்டர் வேலைக்குப் போகிற அவசரத்திலும் நின்று பார்த்து, புத்தகத்துக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரைப் புல் கதிர் விட்டிருந்தது. அதே மாதிரிக் குருவிகள் ஒரு கூட்டமாக வந்து, புல்லின் தாளைப் பிடித்துத் தொங்கி விதையை உருவித் தின்றன. இத்தனை நாளும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. யாரும் கவனித்ததில்லை. இந்தச் சில்லையும் ஒருநாள் அதற்குள் இறங்கியது. அதற்குப் பிறகு எது இது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விசிலம்மா மதிலோரம் ஒரு கல்லைப் போட்டு ஏறி நின்று வெகுநேரம் பார்த்தார். அவராலும் முடியவில்லை. முடியாததில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் நகராட்சி ஆட்கள் புல் வெட்டுகிற இயந்திரத்தோடு வாய்க்கால் கரைக்கு வந்தார்கள். இயந்திரம் கிளம்பிய சத்தம் கேட்டதும் விசிலம்மா செருப்பைக்கூட மாட்டாமல் மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடினார். புல்லுக்கு நடுவில் காலை அகட்டி வைத்து நின்றார். விதை முழுக்க உதிர்ந்த பிறகு வந்து வெட்டிக்கொள்ளுங்கள், அதுவரை ஒரு தாளைக்கூடத் தொடவிட மாட்டேன் என்றார். புதர் மண்டினால் பாம்பு வரும் என்று மேஸ்திரி எடுத்துச் சொன்னார். வந்தால் பேர் கேட்டு வைக்கிறேன் என்றார் இவர். மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். தனக்கு மேலே பொறியாளர் இருக்கிறார், அலுவலகத்துக்கு வந்து அவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

புல் இன்னும் நிற்கிறது. விசிலம்மா அலுவலகத்துக்குப் போகவில்லை. வேண்டுமானால் பொறியாளர் இங்கே வரட்டும், நான் பகல் பூராவும் கரையில்தான் இருப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.